உறுதி

எங்கள் பயிற்சிக் கூரை
முழங்கால் உயரத்தில் இருந்தது.
மருதானையில், பழைய கராஜ் ஒன்றுக்குள்,
சீமெந்துத் தரைக்கு மேலே நாலு அஸ்பெஸ்டஸ் தகடு.
விழுந்தாலும் சிராய்ப்போடு போய்விடும்.
ஆனாலும் பெல்ட்டைக் கொழுவாமல் ஏறினால்
அன்றைய வரவை வெட்டிவிடுவார்கள்.
ஆணி போகும் வரிசையில்தான் கால் வைக்கவேண்டும்,
ஆணிக்குக் கீழேதான் மரம்.
மற்ற இடமெல்லாம் கூரைபோலத் தெரியும், அவ்வளவுதான்.
இருபத்தொரு பேரில் நான் ஒருத்தி பெண்.
குறிப்புகள் சிங்களத்தில்,
இன்வேட்டரின் கையேடு சீனத்தில்,
ஓரங்களில் என் பென்சில் தமிழ்.

முதல் வேலை மெசஞ்சர் வீதி,
ஜெசீமாவின் மிளகாய் மில்.
ஏணியைச் சாத்துமுன்னே தும்மல்.
இந்துனில் எட்டுத் தரம், நான் பதினொரு தரம்.
"கரண்ட் பில் வந்தா எனக்கும் இப்படித்தான்" என்றாள்
தும்மாமல்.

கூரை உறுதியா என்று பார்க்கத்தான் நான் போனேன்.
தட்டிப் பார்த்தேன், ஒரு வளை உளுத்திருந்தது.
அவள் சிரித்தாள்.
"பேங்குலயும் அதத்தான் கேட்டாங்க, உறுதி இருக்கா எண்டு."

அது வேறு உறுதி.
மாமியார் பெயரில் கிடக்கிறது,
மாமியார் மௌத்தாகி ஒன்பது வருடம்.
வாரிசு ஏழு பேர்.
ஒருவர் தோஹாவில், போனை எடுப்பதில்லை.
ஒருவர் எடுப்பார், கையெழுத்துக்கு மட்டும் கை வராது.
வெயில் முழுக்க அவள் தலையில் விழ
கூரை ஏழாகப் பிரிந்து கிடந்தது.

கடன் பகுதியில் குலநாயகம் என்று ஒருவர்,
சோற்றுப் பொதியை மேசையிலேயே பிரித்துச் சாப்பிடுபவர்,
தகடுகளே தமக்குப் பிணை நிற்கட்டுமே என்று
ஒரு தாள் எழுதி மேலே அனுப்பினார்.
தாள் மேலே போய்
மழைக்காலம் முழுதும் மேலேயே இருந்தது.
இறங்கி வந்தபோது ஆம் என்றிருந்தது,
ஒன்றரை வீத வட்டி கூட.

அதற்குள் அலகின் விலை இரண்டு முறை இறங்கியது.
ட்ரான்ஸ்போமரில் இடமில்லை என்று ஒரு கடிதம்.
இருக்கிறது என்று இன்னொன்று,
முந்தைய திகதியிட்டு.
வளையலை அடகு வைத்து
வளையை மாற்றினாள் ஜெசீமா.

பத்துத் தகடு.
கடைசி வயரை முடுக்கிவிட்டு இறங்கினோம்.
மில் ஓடியது,
மீட்டர் ஓடவில்லை.
வேலைக்கு நின்ற பையன் மீட்டரை விரலால் சுண்டிப் பார்த்தான்,
பழுதாக்கும் என்று.

ஏப்ரல். உச்சியில் நிழல் காலுக்குள் புகுந்துகொள்ளும் கிழமை.
புத்தாண்டுக்கு முதல் நாள் போனில் ஒரு செய்தி:
நாடு விடுமுறையில், மின்சாரத்துக்கு ஆளில்லை,
எட்டு மணி தொடக்கம் மூன்று மணிவரை
தகடுகளைத் தயவுசெய்து அணைத்து வையுங்கள்.
மூன்று மொழியிலும் வந்தது.
தமிழில் ணகரம் பிழை.

"இவ்ளவு பத்திரம் குடுத்து வாங்கின வெயில்,
இப்ப வேணாமாம்.
வட்டியும் லீவுல போகுமாமா?"

சுவிட்ச் இறுகிவிட்டதென்று கூப்பிட்டதால் போனேன்.
புறக்கோட்டை முழுதும் கதவடைப்பு,
பஸ்ஸில் மூன்று பேர்.
அணைத்துவிட்டு, வந்த கையோடு மேலே ஏறினேன்.
முன்பக்க பிளேட்டில்
நாற்பது கிலோ தம்புள்ளை மிளகாய்
பரப்பிக் கிடந்தது.
அந்தப் பக்கத்துக்கு சுவிட்ச் இல்லை.

கீழிருந்து கேட்டாள்,
பெட்டரிக்கும் கடன் உண்டா என்று.
குலநாயகம் இன்னொரு தாள் எழுதுகிறார் என்றேன்.
அதற்கும் ஒரு பயிற்சி தொடங்குகிறார்கள்,
பேர் கொடுத்திருக்கிறேன் என்றேன்.

"அதுக்கும் காசு கட்டினாப் பொறகு
அணைக்கச் சொல்லமாட்டாங்க எண்டு
உறுதி தருவியா புள்ள?"

மூன்றாவது உறுதி.
கூரை நடுவில் நின்றபடி
இதற்கு ஆணி எந்த வரிசையில் என்று பார்த்தேன்.
காற்று மிளகாய்ப் பக்கமிருந்து திரும்பியது.
பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு
தும்மினேன்.